கச்சதீவில் ஏன் ஓர் ஊர் இல்லை?



கச்சதீவுப் புனித அந்தோனியார் திருநாளுக்கு நீங்கள் ஒரு முறையேனும் சென்றிருக்கக்கூடும். பெப்ரவரி, மார்ச் மாதங்களில், தவக்காலத்தை ஒட்டி, இரண்டு நாட்களுக்கு அங்கே ஓர் ஊரே எழுந்து நிற்கும். கூடாரம், கடை, அடுப்பு, சிலுவைப்பாதை, சுரூப பவனி, இராமேஸ்வரம் பக்கமிருந்து வந்தவர்களோடு குசல விசாரிப்பு எல்லாம் உண்டு. திருநாள் திருப்பலி முடிந்ததும் வள்ளங்கள் திரும்பிவிடும். அதன் பின்னர், காவற் கடமையில் இருப்போரைத் தவிர, அங்கே குடியிருப்பார் எவரும் இல்லை.

ஏன் இல்லை என்று எப்போதாவது எண்ணிப் பார்த்தீர்களா? நிலம் இருக்கிறது, ஏறக்குறைய 285 ஏக்கர். சுற்றிவர மீன் நிறைந்த கடல். வெயிலுக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. வணங்குவதற்கு ஆலயமும் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று: குடிப்பதற்கு ஏற்ற நன்னீர். அதனை வள்ளத்தில் ஏற்றிச் சென்றால் ஆயிரக்கணக்கானோர் அங்கே தங்கலாம். வள்ளம் நின்றுவிட்டால் ஒரு குடும்பம்கூடத் தங்க முடியாது. சுற்றியுள்ள கடலில் மீன் இருமடங்காகப் பெருகினாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

இன்றைய பாடம் இதைப் பற்றியதே. ஓரிடத்தில் வாழும் ஓரின உயிர்களின் தொகையைக் குடித்தொகை என்கிறோம். அக்குடித்தொகை ஓரளவுக்கு மேற் பெருகாதவாறு தடுத்து நிறுத்தும் பொருளை அல்லது நிலைமையை எல்லைப்படுத்தும் காரணி என்று நமது விஞ்ஞானப் பாடநூல்கள் கூறும். உணவு, நீர், ஒளி, வெப்பம், உப்பு, கூடு கட்ட இடம், கொன்று தின்னும் எதிரி, நோய் ஆகிய யாவும் காரணிகள்தாம். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே அளவிற் கட்டுப்படுத்துவதில்லை. பெரும்பாலும், தேவைக்கு மிகக் குறைவாக இருப்பது எதுவோ அதுவே எல்லையை வகுக்கிறது. நூறு பேருக்கு அரிசியும் ஐம்பது பேருக்குத் தண்ணீரும் இருந்தால் ஐம்பது பேருக்குத்தான் சோறு ஆகும்.

இக்கருத்தை விவசாயத்தில் நிலைநாட்டியவர்கள் இரு ஜேர்மானியர். கார்ல் ஸ்பிரெங்கல் என்பவர் 1828ஆம் ஆண்டளவில் இதனைக் கூறினார். யுஸ்டுஸ் லீபிக் 1840இல் வெளியிட்ட நூலாலும் பின்னர் எழுதியவற்றாலும் இதனை உலகறியச் செய்தார். பெயரும் அவருக்கே போயிற்று. பயிருக்குத் தேவையான ஊட்டங்களுள் எது குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலைத் தீர்மானிக்கும். மற்றவற்றை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை என்பது இவ்விதியின் சாரம். ஆசிரியர்கள் இதனை விளக்கக் கரும்பலகையில் ஒரு பீப்பாவை வரைவார்கள். அதன் பலகைகளுள் ஒன்று மட்டும் கட்டை. எவ்வளவு வார்த்தாலும் நீர் அந்தக் கட்டைப் பலகையின் உயரத்துக்கு மேல் நில்லாது.

வேடிக்கை என்னவெனில், எது கட்டைப் பலகை என்று காண்பதில் லீபிக் அவர்களே தவறினார். நைதரசன் ஊட்டம் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் பயிருக்குப் போதிய அளவு கிடைக்கும் என்று அவர் நம்பினார். இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் பண்ணையில் லோஸ், கில்பேட் என்னும் இருவர் 1843 முதல் வயலிலேயே பரிசோதனை நடத்தி, கோதுமைக்கு நைதரசனும் இடவேண்டும் என்று காட்டினர். ஆகவே விதியைத் தெரிந்திருப்பது வேறு, இந்த மண்ணில் இந்த உயிருக்கு எது குறைவு என்று காண்பது வேறு. பின்னதற்குப் பொறுமை வேண்டும்.

இன்னொன்றையும் மாணவர் மனதிற் கொள்ளவேண்டும். குறைவு மட்டுமன்றி மிகுதியும் எல்லையாகலாம். 1913இல் அமெரிக்கரான ஷெல்போட் இதனை எடுத்துரைத்தார். நெல்லுக்கு நீர் வேண்டும். வெங்காயத்துக்கு அதே நீர் தேங்கினால் அழுகல். இவ்வளவு போதும்; இனி ஒரு தீவின் கதைக்குச் செல்வோம்.

அலாஸ்காவுக்கு மேற்கே, பேரிங் கடலின் நடுவில், புனித மத்தேயு தீவு என்றொரு தீவு உண்டு. நற்செய்தியாளரின் பெயரைத் தாங்கிய அத்தீவின் பரப்பு ஏறக்குறைய 330 சதுர கிலோமீற்றர். மரமில்லை, குளிரும் பனிமூட்டமும் தாம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கரையோரக் காவற்படையினர் அங்கே ஒரு வானொலி வழிகாட்டி நிலையம் அமைத்தனர். அங்கிருந்த 19 பேருக்கும் கப்பல் வராத காலத்தில் இறைச்சிக்கு உதவும் என்று 1944இல் 29 பனிமான்களைக் கொண்டுவந்து விட்டனர். நத்தார் வாழ்த்து அட்டைகளில் வண்டி இழுக்குமே, அந்த மான்கள்தாம். போர் முடிந்தது. மனிதர் போய்விட்டனர். மான்கள் தங்கிவிட்டன.

அந்தத் தீவில் ஓநாய் இல்லை. சுடுவதற்கு ஆளும் இல்லை. மான் தின்னும் புல்லும் பூண்டும் கோடையில் நிறைய. பாறையிலும் தரையிலும் கனத்த மெத்தைபோல இலைக்கன் படர்ந்திருந்தது. நமது பழைய மதில்களிலும் மரப்பட்டைகளிலும் சாம்பல் நிறத்திற் படர்ந்திருப்பதும் இலைக்கன் வகைகளே. வடதுருவப் பகுதியில் மற்றப் பூண்டுகள் யாவும் பனிக்குள் மடிந்திருக்கும் மாரியில் பனிமானைக் காப்பாற்றுவது இதுதான்.

1957இல் டேவிட் கிளைன் என்னும் உயிரியலாளர் அங்கே சென்று எண்ணியபோது 29 மான்கள் 1,350 ஆகியிருந்தன. யாவும் கொழுத்தவை. ஆனால் சில இடங்களில் இலைக்கன் மிதிபட்டும் மேயப்பட்டும் தேய்ந்திருப்பதை அவர் கவனித்தார். 1963இல் அவர் மறுபடி சென்றார். இப்போது 6,000 மான்கள்! சதுர கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 18. எங்கு பார்த்தாலும் மான். மேலோட்டமாகப் பார்த்தவர் எவரும் மிகச் செழிப்பான மந்தை என்றே சொல்லியிருப்பர். கிளைன் வேறு சிலவற்றைக் கண்டார். மான்களின் நிறை முன்னையிலும் குறைந்திருந்தது. கன்றுகளின் விகிதம் குறைந்திருந்தது. இலைக்கன் மெத்தை பெரும்பாலும் போய்விட்டது.

இலைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் மாத்திரமே வளரும். ஒருமுறை வழித்துத் தின்றால் மீண்டும் படரப் பல பத்தாண்டுகள் செல்லும். எனவே மான்கள் அந்தத் தீவின் வருமானத்தை அல்ல, முதலையே தின்றுகொண்டிருந்தன. கோடையில் அவற்றுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

1963-64 மாரி மிகக் கடுமையாக வந்தது. பனி ஆழமாகப் படிந்தது. 1966இல் கிளைன் மூன்றாம் முறை சென்றபோது தரையெங்கும் எலும்புக் கூடுகளைக் கண்டார். உயிரோடு எஞ்சியவை 42. அவற்றுள் 41 பெண். ஆண் ஒன்றே ஒன்று. அதுவும் கொம்பு சரிவர வளராத, இனம் பெருக்க வலுவற்ற விலங்காகக் காணப்பட்டது. கன்று ஒன்றேனும் இல்லை. 1980களுக்குள் அந்த மந்தை முற்றாக அற்றுப்போயிற்று.

இங்கே மான்களை மாய்த்தது எது என்று கேட்டால் பலர் பனி என்பார்கள். பனி உண்மைதான். ஆனால் இலைக்கன் மெத்தை இருந்திருப்பின் மந்தையிற் பெரும்பகுதி அந்த மாரியைக் கடந்திருக்கும் என்று கொள்வதே பொருத்தம். மந்தை பெருகப் பெருக ஒவ்வொரு விலங்குக்கும் இலைக்கன் குறைந்தது. இத்தகைய காரணியை அடர்த்தியைச் சார்ந்த காரணி என்பர். பனியோ மான் பத்து ஆனாலும் பத்தாயிரம் ஆனாலும் ஒரே அளவில்தான் பெய்யும். அது அடர்த்தியைச் சாராத காரணி. பரீட்சைக்காக இவ்விரண்டையும் நாம் தனித்தனிப் பத்திகளில் எழுதுகிறோம். தீவிலோ ஒன்று குழி வெட்டியது, மற்றது தள்ளிவிட்டது.

இந்தக் கதையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது வேறொன்று. ஒரு தீவு எத்தனை உயிரைத் தாங்கும் என்பதை நல்ல மாதத்தில் எண்ணி அறிய முடியாது. மிக மோசமான மாதத்திற்றான் அறியலாம். ஆண்டுச் சராசரி உணவு எவ்வளவு என்று கணக்கிட்டிருந்தால் புனித மத்தேயு தீவில் உணவு தாராளம் என்றே விடை வந்திருக்கும். சராசரியை எந்த மானும் தின்பதில்லை.

நமக்கும் இதனை நேரிற் காண வாய்ப்புண்டு. நெடுந்தீவுக்குச் சென்றவர்கள் அங்கே கட்டாக்காலியாக மேயும் குதிரைகளைக் கண்டிருப்பீர்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை என்று சொல்லப்படுபவை அவை. மார்கழி, தை மாதங்களில் அத்தீவைப் பார்த்தால் பச்சைப் புல்வெளி, பள்ளங்களில் நீர். இன்னும் எத்தனையோ குதிரைகள் இங்கே வாழலாமே என்று தோன்றும். ஆடி, ஆவணியிற் சென்று பாருங்கள். பள்ளங்கள் வெடித்துக் கிடக்கும். வறட்சி கடுமையான ஆண்டுகளில் நீரின்றிக் குதிரைகள் இறந்த செய்திகள் பத்திரிகைகளில் வந்துள்ளன. அங்கே குதிரைத் தொகையை வரையறுப்பது மார்கழிப் புல் அன்று, ஆவணித் தண்ணீர்.

எல்லாக் காரணிகளும் இப்படி வெளிப்படையாகத் தெரிவதில்லை. வட்டு இழந்து நிற்கும் மொட்டைப் பனைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். விறகுக்கும் உதவாத அந்த மரத்தின் பொந்துகளிற்றான் கிளியும் மைனாவும் குஞ்சு பொரிக்கின்றன. கிளிக்கு உணவு தோட்டமெங்கும் உண்டு. அதைத் தோட்டக்காரரிடம் கேட்டாற் சொல்லுவார். ஆனால் பொந்து எத்தனை? பொந்திற் கூடு வைக்கும் பறவைகளுக்கு உணவு முட்டாவிட்டாலும் இடம் முட்டும். ஐரோப்பாவின் காடுகளில் மரப்பெட்டிகளைத் தொங்கவிட்டவுடன் சில சிறு பறவையினங்களின் தொகை உயர்ந்ததை ஆய்வாளர் பலமுறை கண்டுள்ளனர். பெட்டியில் ஒரு நெல்மணியும் அவர்கள் வைக்கவில்லை. வளவைத் துப்புரவாக்குகிறோம் என்று பட்ட மரம் யாவற்றையும் தறிப்பவர்கள் இதனைச் சற்று நினைத்தால் நல்லது.

எல்லையை நீக்கினால் என்ன நிகழும்? கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள்ளன. 1973இல் டேவிட் ஷின்ட்லர் என்பவரும் அவருடைய குழுவினரும் 226ஆம் இலக்க ஏரியை அதன் இடுங்கிய நடுப்பகுதியில் ஒரு பிளாத்திக்குத் திரையால் இரண்டாகத் தடுத்தனர். ஒரு பாதியிற் காபனும் நைதரசனும் இட்டனர். மறு பாதியில் அவ்விரண்டோடு பொசுபரசும் சேர்த்தனர். பொசுபரசு இட்ட பாதி அல்காக்கள் பெருகிப் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் ஆயிற்று. மற்றப் பாதி தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்தப் படம் உலகப் பிரசித்தி பெற்றது. ஏரிகள் பச்சையாகிக் கெடுவதற்குச் சவர்க்காரத் தூளிலுள்ள பொசுபேற்றுக் காரணமா அன்றா என்று அந்நாட்களில் நடந்த பெரும் வாதத்தை, நூறு கட்டுரைகளிலும் மேலாக அந்த ஒரு படம் தீர்க்க உதவியது. தோட்டத்திலும் குளியலறையிலும் இருந்து வடிவதை நமது குளங்களுக்கு விடும்போது நாமும் அந்தக் கட்டைப் பலகையை உயர்த்தியே விடுகிறோம்.

இனி, இவ்விதி மனிதருக்கும் பொருந்துமா? இக்கேள்வியை நான் தவிர்க்க விரும்பவில்லை. ஏனெனில் பனிமான் கதையைச் சொல்லிவிட்டு, உலகின் ஏழை மக்களும் அந்த மந்தையைப் போன்றவர்களே, அவர்களுக்கு உதவுவது வீண் என்று வாதிப்போரும் உண்டு. இது விஞ்ஞானமும் அன்று, கிறிஸ்தவமும் அன்று. 1943இல் வங்காளத்திற் பெரும் பஞ்சம் ஏற்பட்டு இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வாண்டின் உணவு இருப்பு முன்னைய ஆண்டுகளிலும் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை என்றும், கூலியாட்களும் மீனவரும் விலையேறிய அரிசியை வாங்கும் சக்தியை இழந்தமையே பேரழிவுக்குக் காரணம் என்றும் காட்டினார். அங்கே கட்டைப் பலகை நெல் அன்று. கையிற் காசும் ஆட்சியாளரின் அக்கறையும். மான் கூட்டத்தில் ஒரு மான் இலைக்கனைப் பூட்டி வைத்து விலை சொல்லுவதில்லை.

அதற்காக, மனிதனுக்கு எல்லையே இல்லை என்பதும் பிழை. நமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில், கனத்த உவர்நீரின் மேல், மழைநீர் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. இதனைத் தலைகீழாகப் படியுங்கள். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 அடி எழும்பும். தீவுப் பகுதிகளிற் கிணறு உவராகிப்போன குடும்பங்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட படைப்புப் பற்றிய சுற்றுமடலில், சுத்தமான குடிநீரை அடிப்படை மனித உரிமை என வலியுறுத்தினார். உரிமை எல்லோர்க்கும் உரியது. வில்லையின் தடிப்போ அளவானது. இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துத்தான் நாம் கிணற்றில் இயந்திரம் பூட்டவேண்டும்.

கடைசியாக, இப்பாடத்தை வீட்டில் நாமே பயன்படுத்தக்கூடிய ஒரு விடயம். எல்லைப்படுத்தும் காரணியைத் தெரிந்தவன் ஓர் உயிரைப் பெருக்கலாம், குறைக்கவும் செய்யலாம். அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் 1940களில் எலித் தொல்லையை ஆராய்ந்தபோது, நஞ்சு வைத்து எலிகளைக் கொன்ற தெருக்களில் அவை சில மாதங்களில் மீண்டும் பழைய தொகைக்கே பெருகக் கண்டனர். குப்பையை ஒழுங்காக மூடி, இடிந்த வேலியையும் தரையையும் திருத்திய தெருக்களிலோ எலிகள் குறைந்து, குறைந்தபடியே இருந்தன. நஞ்சு எலியைக் கொன்றது. எலிக்கான இடத்தை அப்படியே விட்டுவைத்தது.

டெங்கு நுளம்பின் கதையும் இதுவே. புகையடிப்பது பறக்கும் நுளம்பைக் கொல்லும். தொற்று பரவும் வேளையில் அது வேண்டியதுதான். ஆனால் அந்த நுளம்பின் தொகையை நிர்ணயிப்பது, அது முட்டையிட ஏற்ற, நீர் தேங்கும் சிறு பாத்திரங்களின் எண்ணிக்கை. ஆறும் கடலும் அதற்கு வேண்டாம். ஒரு சிரட்டை போதும். நீரின் விளிம்புக்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். நீர் வற்றினாலும் அம்முட்டை பல மாதங்கள் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஏழு முதற் பத்து நாட்கள் செல்லும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை வளவைச் சுற்றி வந்து ஊற்றிவிட்டால் போதும். ஊற்றுவதோடு நில்லாமல் உட்சுவரைத் தேய்த்தும் கழுவவேண்டும்.

மாணவர்களே, வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உங்கள் வளவில் நீர் நிற்கக்கூடிய இடங்களை எண்ணிப் பாருங்கள்: பூச்சாடித் தட்டு, யோகட் கோப்பை, பழைய ரயர், கோறையான குரும்பை, அடைபட்ட பீலி, கோழிக்கு நீர் வைக்கும் சட்டி. அடுத்த வாரம் மறுபடி எண்ணி இரண்டையும் ஒப்பிடுங்கள். பெரியோருக்கும் ஒரு வார்த்தை. கார்த்திகை 2ஆம் திகதி, மரித்த விசுவாசிகளின் நினைவு நாளில், நாம் எல்லோரும் சேமக்காலைக்குச் சென்று கல்லறைகளிற் பூச்சாடி வைக்கிறோம். பூ இரண்டு நாளில் வாடிவிடும்; சாடி அங்கேயே இருக்கும்; அப்போதுதான் மழையும் தொடங்கும். இம்முறை சாடிக்குள் நீருக்குப் பதிலாக ஈரமணலை நிரப்பி அதிற் பூவைக் குத்தி வையுங்கள்.